ஒன்பது பாயிண்டுக்கு மேல் இன்னொரு மூன்று: வகுப்பா, தடையா, வாதாட்டமா?

பிரிட்டன் ஓட்டுநர் லைசென்ஸில், வேகம் போன்ற குற்றங்களுக்காக விழும் தண்டனைப் பாயிண்டுகள் மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால் குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டத் தடை. ஏற்கெனவே 9 இருக்கும்போது வேகத்துக்காக இன்னும் 3 வரப்போகிறது என்றால் என்ன செய்வது? பாயிண்ட் நான்கு ஆண்டு லைசென்ஸில் தெரிந்தாலும் கணக்கில் சேர்வது மூன்றே ஆண்டு. அதையும் குற்றம் நடந்த தேதிகளை வைத்துத்தான் எண்ண வேண்டும், தீர்ப்புத் தேதிகளை வைத்து அல்ல. ஆகவே முதல் வேலையாக அரசு இணையதளத்தில் அந்தத் தேதிகளைப் பாருங்கள். பழைய மூன்று பாயிண்ட் கணக்கிலிருந்து கழன்றிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பாயிண்டுக்குப் பதிலாக வேகத்துக்கான விழிப்புணர்வு வகுப்பை போலீஸ் கொடுக்க முன்வந்தால் யோசிக்கவே வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸில் 30 மைல் எல்லையில் 42 மைல் வரை போயிருந்தால் பொதுவாகக் கிடைக்கும். ஏற்கெனவே 9 பாயிண்ட் இருப்பது அதற்குக் குறுக்கே நிற்காது. மூன்று ஆண்டுக்குள் இதே வகுப்புக்குப் போயிருந்தால்தான் சிக்கல். கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. கெடுவைத் தவறவிட்டாலோ, வழக்காடப் போனாலோ வகுப்பு கைநழுவிவிடும்.

வகுப்பு இல்லையென்றால் கோர்ட்தான். அங்கே இரண்டு வழி.

தடையை ஏற்பது முதல் வழி. ஆறு மாதம் ஓட்ட முடியாது, ஆனால் பழைய பாயிண்டுகள் அடுத்த கணக்கில் சேராது. முந்தைய மூன்று ஆண்டில் 56 நாளோ அதற்கு மேலோ ஒரு தடை இருந்திருந்தால் குறைந்தபட்சம் 12 மாதம். இரண்டு இருந்திருந்தால் இரண்டு ஆண்டு.

இன்னொன்று ‘எக்ஸெப்ஷனல் ஹார்ட்ஷிப்’ வாதம், அதாவது தடை விழுந்தால் வழக்கத்தை மீறிய கஷ்டம் வரும் என்று கோர்ட்டில் வாதாடுவது. சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். அரசுத் தரப்பு குறுக்குக் கேள்வி கேட்கும். ‘வேலை போய்விடும்’ என்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது. ஒரு தவறும் செய்யாத மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதே கனமான வாதம்: டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டிய அம்மா, உங்களை நம்பிச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். முதலாளியின் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவர் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். ‘டாக்ஸியில் போகலாமே’ என்று கேட்பார்கள். அதற்கான செலவுக் கணக்கோடு போங்கள். தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் இந்த வாதத்தை யாரும் உங்களுக்காக வைக்கப் போவதில்லை.

வென்றாலும் ஒரு கண்ணி உண்டு. கோர்ட் தடையே வேண்டாம் என்று விட்டால் 12 பாயிண்டும் அப்படியே நிற்கும். அடுத்த கேமராவில் மறுபடியும் கோர்ட், அதே காரணத்தை மூன்று ஆண்டுக்குச் சொல்லவும் முடியாது. பேருந்து வசதியுள்ள ஊரில் தனியாக வாழ்பவருக்கு ஆறு மாதத் தடையே லாபம் என்பது எங்கள் கணிப்பு. பிறர் உங்களை நம்பியிருந்தால் மட்டும் வாதாடுங்கள்.

டெஸ்ட் பாஸாகி இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. 6 பாயிண்டிலேயே லைசென்ஸ் ரத்து. தியரி, ஓட்டுநர் தேர்வு இரண்டையும் திரும்ப எழுதி, ஓட்டிக்காட்ட வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் ஒரே தடவையில் அந்த 6 வந்துவிடும்.

‘மனைவிதான் ஓட்டினாள்’ என்று எழுதிக் கொடுக்கும் யோசனை நான்காவது வழியே அல்ல. அது நீதியைத் திரித்த குற்றம், அதற்குச் சிறை உண்டு. யார் ஓட்டியது என்று கேட்டு போலீஸ் அனுப்பும் கடிதத்துக்கு 28 நாளில் பதில் போடாமல் விட்டாலும் 6 பாயிண்ட்.

தடை 56 நாளோ அதற்கு மேலோ என்றால், முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் திரும்பாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாகக் கடந்த ஐந்து ஆண்டில் பெற்ற தண்டனைகளைக் கேட்பார்கள். தடையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம்.