அட்ரஸ் சானிட்டைசர்: நடுத்தடம் காட்டிக்கொடுத்த பிழை

மூன்று வாரங்களாக, நான் எழுதிவரும் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒரே ஒரு சோதனை நிரலை மட்டும் ஏற்க மறுத்தது. ‘இந்தச் செயற்கூறின் திரும்பு வகை (அது திருப்பித் தரும் மதிப்பின் வகை) தெரியவில்லை’ என்று அடம்பிடித்தது. வகையைக் கணித்து எழுதும் வரி என் கண் முன்னே இருக்கிறது. எழுதியது எங்கே போனது? அந்த நிரலின் தலையில் இன்னொரு மாறியைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும். நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரோடு மல்லுக்கட்டி அலுத்த பிறகே, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிட்டைசரிடம் வந்தேன்.

சி++ கம்பைலர்களான கிளாங், ஜிசிசி இரண்டிலும் அது கூடவே கிடைக்கிறது. ஒரு ஆப்ஷனைச் சேர்த்துக் கம்பைலரை மறுபடி கட்டினேன். முதல் ஓட்டத்திலேயே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது. அறிக்கையில் மூன்று அழைப்புத் தடங்கள் (எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்கள்): விடுவித்த நினைவகத்தில் எழுதிய இடம், அதை விடுவித்த இடம், முதலில் ஒதுக்கிய இடம். நடுத்தடத்தைப் படித்ததுமே விளங்கிவிட்டது.

நிரலில் வரும் பெயர்களின் பட்டியலான சிம்பல் டேபிளை ஒரு வெக்டரில், அதாவது தேவைக்கேற்ப வளரும் வரிசையில், வைத்திருந்தேன். செயற்கூறின் பதிவு இருக்கும் முகவரியைச் சுட்டும் ரெஃபரன்ஸை எடுத்துக்கொண்டு அதன் உடலுக்குள் இறங்கி, அங்கே வரும் பெயர்களையும் அதே வெக்டரில் சேர்த்தேன். 32 இடங்களும் நிரம்பி 33-வது பெயர் நுழைந்தபோது வெக்டர் மொத்தமாக வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தது. ரெஃபரன்ஸ் பழைய முகவரியிலேயே தொங்கியது. திரும்பு வகையை ஆளில்லாத வீட்டில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ரெஃபரன்ஸை எடுத்துவிட்டு வரிசை எண்ணை வைத்துக்கொண்டேன். திருத்தம் மூன்றே வரி.

அட்ரஸ் சானிட்டைசரின் அருமை, விடுவித்த நினைவகத்தை உடனே மறுபயன்பாட்டுக்குத் தராமல் தடுத்து வைப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, எது தொடத்தக்கது எது கூடாது என்று குறித்துக்கொள்கிறது. அந்தத் தடுப்பு இல்லாதபோது அதே இடத்தில் வேறு தரவு வந்து அமர்ந்துவிடும். என் பிழை அப்படித்தான் ஒளிந்திருந்தது.

நிரல் மெதுவாக ஓடும். 2012-இல் இதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஓடும் நேரம் சராசரியாக 73% கூடும் என்கிறது. நினைவகமும் கூடுதலாகத் தின்னும். சோதனைக்கு இது பெரிய விலையே அல்ல. கம்பைலர் எழுதுவோர் கவனிக்க வேண்டிய குறை வேறு. நிரலின் அமைப்பைக் குறிக்கும் தொடரியல் மரத்தின் கணுக்களுக்கான நினைவகத்தை நாம் பெரும்பாலும் ஒரே பெரிய துண்டாக வாங்கி நாமே பங்கிடுகிறோம். அந்தத் துண்டுக்குள் எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. செத்த இடத்தைத் தொடக்கூடாது என்று நாமே நஞ்சிட்டுக் குறித்தால்தான் பிடிக்கும். துண்டைக் காலிசெய்யும் இடத்தில் அப்படிக் குறிக்கும் அழைப்பை நேற்று சேர்த்தேன். இன்று காலை இன்னொரு தொங்கும் ரெஃபரன்ஸ் சிக்கியிருக்கிறது.