கியோட்டோவா, பாரிஸா: எந்த ஒப்பந்தம் தேவலை?

காலநிலை மாநாடு கூடும் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய சண்டை கிளம்பும். புவியைச் சூடாக்கும் புகையைக் குறைக்க உலக நாடுகள் இந்த இரண்டு ஊர்களில் போட்ட ஒப்பந்தங்களைப் பற்றிய சண்டை அது. கியோட்டோவுக்குச் சட்ட பலம் இருந்தது, பாரிஸ் வெறும் வாய்ப்பேச்சு என்று ஒரு தரப்பு. கியோட்டோ செத்துப்போன சரக்கு, பாரிஸ்தான் எல்லா நாட்டையும் உள்ளே கொண்டுவந்தது என்று எதிர்த்தரப்பு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாரிஸ்தான் தேவலை, ஆனால் அதன் ரசிகர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

1997 டிசம்பரில் கியோட்டோவில் போட்டது, ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரி. 1990-இல் விட்ட புகையைக் கணக்காக வைத்து, 2008–2012 காலத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியம் 8 சதவீதம் குறைக்க வேண்டும், அமெரிக்கா 7, ஜப்பானும் கனடாவும் 6. பேரம் பேசத் தெரிந்த ஆஸ்திரேலியா 8 சதவீதம் கூட்டிக்கொள்ளவே அனுமதி வாங்கிவிட்டது. எல்லாம் சேர்த்துப் பணக்கார நாடுகளின் சராசரிக் குறைப்பு 5.2 சதவீதம். 2015-இல் பாரிஸில் வந்தது மொய். அவரவர் வசதிக்கு ஒரு தொகை எழுதலாம், ஆனால் பேரோடு நோட்டில் ஏறும், ஊரே பார்க்கும், ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் முன்னதைவிடக் கூட்டி எழுத வேண்டும்.

வரி போட்டவர்களுக்கு வசூலிக்கத் தெரியவில்லை என்பதுதான் கியோட்டோவின் கதை. இலக்கைத் தவறவிட்ட நாட்டுக்கு என்ன தண்டனை தெரியுமா? விட்டுப்போனதை அடுத்த தவணையில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்த்துக் குறைக்க வேண்டும். அடுத்த தவணையில் சேரவே மாட்டேன் என்று ஒரு நாடு சொன்னால்? அதற்குப் பதிலே கிடையாது. கனடா அதைத்தான் செய்தது. இலக்கை எட்ட வழியில்லை, வெளியிலிருந்து கார்பன் கிரெடிட் (வேறொருவர் குறைத்த புகைக்கான சான்று) வாங்கினால் சுமார் 1,400 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொல்லி, 2011 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது. யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அமெரிக்கா அந்த அளவுக்குக்கூட வரவில்லை. கியோட்டோ கூட்டத்துக்கு ஐந்து மாதம் முன்பே, வளரும் நாடுகளுக்கும் அதே காலத்தில் கடமை விதிக்காத எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று செனட் 95–0 என்று தீர்மானம் போட்டிருந்தது. அந்தப் பக்கமோ, புதிய கடமை பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான் என்று 1995-லேயே பெர்லினில் முடிவாகியிருந்தது (அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அப்போது ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஏங்கெலா மெர்கல்). இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் கியோட்டோவில் பேச்சுவார்த்தையை நடத்திய அர்ஜென்டினாக்காரர் ராவுல் எஸ்த்ராதா. கூட்டம் முடிய வேண்டிய நாள் தாண்டி, விடிய விடிய ஒவ்வொரு பிரிவாக எடுத்துச் சுத்தியலைத் தட்டி நிறைவேற்றிக்கொண்டே வந்தார். வளரும் நாடுகள் விருப்பப்பட்டால் தாமாகவே ஓர் இலக்கை ஏற்கலாம் என்ற பிரிவு வந்தபோது இந்தியாவும் சீனாவும் கடுமையாக எதிர்த்தன, அவர் அதைத் தூக்கிவிட்டார். விருப்பப்பட்டால் என்று இருந்ததற்கே அத்தனை எதிர்ப்பு. அந்த நாடுகளின் பயமும் நியாயமானதுதான், இன்றைக்கு விருப்பம் என்பது நாளைக்குக் கட்டாயமாகும். ஆனால் 18 வருடம் கழித்துப் பாரிஸில் எல்லோரும் ஒப்புக்கொண்டது ஏறக்குறைய அந்தத் தூக்கிப்போட்ட பிரிவைத்தான்.

2001-இல் புஷ் கைகழுவியதும் கியோட்டோ அந்தரத்தில் தொங்கியது. பணக்கார நாடுகளின் 1990 கார்பன் டை ஆக்சைடில் 55 சதவீதத்துக்குப் பொறுப்பான நாடுகள் ஒப்புதல் தந்தால்தான் அது அமலுக்கு வரும். அமெரிக்காவின் பங்கு 36 சதவீதம் போய்விட்டது, மிச்சத்தில் ரஷ்யாவின் 17 இல்லாமல் கணக்கு நிற்காது. சோவியத் ஒன்றியம் உடைந்து தொழிற்சாலைகள் படுத்துவிட்டதால் ரஷ்யா எதையும் குறைக்கவே தேவையில்லை, இருந்தும் காக்கவைத்தது. உலக வர்த்தக அமைப்பில் சேர ஐரோப்பா பச்சைக்கொடி காட்டிய பிறகுதான் 2004-இல் ஒப்புதல் வந்தது, 2005 பிப்ரவரியில் அமல். பாரிஸ் ஒப்பந்தத்துக்கு இந்த இழுபறி எல்லாம் இல்லை, ஒரு வருடத்துக்குள், 2016 நவம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது.

கியோட்டோவில் ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஏழை நாட்டில் புகையைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் வரும்படி சிடிஎம் (தூய்மை வளர்ச்சி முறை) என்ற ஏற்பாட்டை வைத்தது, அங்கே குறைத்த புகைக்குக் கிடைக்கும் கிரெடிட்டைப் பணக்கார நாடுகள் வாங்கித் தங்கள் கணக்கில் சேர்க்கலாம். தமிழ்நாட்டு நூற்பாலைகளின் காற்றாலைகளைக்கூட ஒன்றாகச் சேர்த்து இதில் பதிவு செய்தார்கள். அப்புறம் கோளாறும் இங்கேதான். குளிர்சாதன வாயு தயாரிக்கும்போது கழிவாக வரும் எச்எஃப்சி-23 ஒரு டன்னை எரித்தால் 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்கான கிரெடிட். கழிவை எரித்துக் கிடைக்கும் காசு சரக்கை விற்றுக் கிடைக்கும் காசைத் தாண்டிவிட, கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டும் ஆசை வந்தது. கடைசியில் 2013-இல் ஐரோப்பா அந்த கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது.

கியோட்டோவின் பணக்கார–ஏழை மதில் இடிந்தது 2011 டர்பன் மாநாட்டில். கூடுதல் நேரமும் தீர்ந்துபோன அந்த இரவில், அரங்கத்தின் நடுவே ஒரு கும்பல் நின்றபடியே வாதாடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் காலநிலை ஆணையர் கோனி ஹெடகார்ட், மறுபக்கம் அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த நம்மூர் ஜெயந்தி நடராஜன். சட்ட வலிமை கொண்ட முடிவு என்று ஒரு வாசகத்தைப் போட்டுச் சமாதானமானார்கள். புதிய உடன்பாடு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்பது அன்றைக்கு உறுதியானது.

பாரிஸுக்கும் ஒரு கடைசி நேர நாடகம் உண்டு. இறுதி வரைவின் 4.4 பிரிவில், வளர்ந்த நாடுகள் இலக்கு வைத்தே ஆக வேண்டும் என்ற பொருளில் 'ஷல்' என்று இருந்தது. அப்படியே விட்டால் செனட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று அமெரிக்கா பதறியது, செனட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று கியோட்டோவிலேயே பார்த்தாகிவிட்டதே. அச்சுப்பிழைத் திருத்தங்களோடு சேர்த்து அதை 'ஷுட்' (வைத்தால் நல்லது) என்று மாற்றி வேகமாக வாசித்தார்கள், மாநாட்டுத் தலைவரான பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஃபேபியுஸ் பச்சை நிறச் சுத்தியலைத் தட்டினார், முடிந்தது. ஓர் எழுத்துப் பிழைக்குள் கியோட்டோவின் முழு வித்தியாசத்தையும் ஒளித்துவிட்டார்கள்.

சரி, இப்போது என் காரணம். இரண்டு ஒப்பந்தத்தையும் அமெரிக்கா உதறியது. கியோட்டோவை உதறியபோது திரும்பி வரும் வழி அடைபட்டுப்போனது. பாரிஸிலிருந்து 2020 நவம்பரில் வெளியேறிய அமெரிக்கா, அடுத்த பிப்ரவரியில் பைடன் கையெழுத்தோடு திரும்பியது. 2025-இல் டிரம்ப் மறுபடி விலக உத்தரவிட்டபோதும் ஒப்பந்தம் விழவில்லை. பெரிய நாடு ஒன்று கோபித்துக்கொண்டு போனாலும் மற்றவர்களுக்கு வேலை நிற்காத ஏற்பாடு இது, கியோட்டோவுக்கு அது இல்லை. இன்னொன்று, கியோட்டோவில் கடமை ஏற்று நின்ற நாடுகள் மொத்தத்தில் தங்கள் இலக்கை எட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் 1990-இல் 2,200 கோடி டன்னைச் சற்றே தாண்டியிருந்த உலகப் புகை, 2012-இல் 3,400 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. 2006 வாக்கிலேயே சீனா முதலிடத்துக்கு வந்துவிட்டது, அதற்கு இலக்கே கிடையாது.

பாரிஸ் மேல் எனக்குள்ள கோபம் பணத்தில். கியோட்டோ குறைந்தபட்சம் யார் பட்ட கடன் இது என்று கேட்டது. பாரிஸோடு வந்த தீர்மானத்தில், காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பு, சேதம் பற்றிய பிரிவு எந்தப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படையாகாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020-க்குள் என்று 2009-இல் கோபன்ஹேகனில் சொன்னது, பணக்கார நாடுகளின் சொந்தக் கணக்குப்படியே 2022-இல்தான் நிறைவேறியது, அதிலும் பெரும்பகுதி கடன். விதிமீறலைப் பார்க்கும் குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. எழுதிய மொய்யை எல்லாரும் முழுசாகக் கட்டினாலும் வெப்பம் 2.6 டிகிரி கூடும் என்கிறது ஐநாவின் 2024 அறிக்கை.

அடுத்த சுற்று உறுதிமொழிக்கு 2025 பிப்ரவரி 10 கடைசித் தேதி. பெரும்பாலான நாடுகள் தவறவிட்டன, இந்தியாவும்தான். செப்டம்பருக்குள்ளாவது கொடுங்கள் என்று ஐநா கேட்டுக்கொண்டது.