குவாங்சோவில் பிரசவ பேக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சீனாவின் குவாங்சோ நகரில் நம்மவர்கள் சிலர் இப்போது பிரசவத்துக்கு மருத்துவமனை தேடிக்கொண்டிருக்கிறீர்கள். முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம், பல இடங்களில் பிரசவ அறைக்குள் கணவனை விடமாட்டார்கள். அதனால் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். (புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம்.) தனி அறை, ஆங்கிலம் பேசும் டாக்டர். மருத்துவமனையின் விற்பனைப் பெண் வீசாட் என்ற சீன மெசேஜ் செயலியில் தேனாகப் பேசினாள்: தாய்க்கும் சேய்க்கும் எல்லாமே பேக்கேஜில் அடக்கம். 40,000 யுவானுக்கு மேல் கட்டினோம்.

சுகப்பிரசவம்தான். ஆனால் சில மணி நேரத்தில் குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்தது. அப்போதுதான் சொல்கிறார்கள், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே கிடையாதாம். சுற்றிக் காட்டியபோது கண்ணாடி வழியே இன்குபேட்டர்களைக் காட்டினீர்களே என்று கேட்டேன். அது குழந்தையைக் கதகதப்பாக வைக்க மட்டும் என்றார் நர்ஸ்.

ஆம்புலன்ஸுக்குத் தனியாகப் பணம் கட்டிய பிறகே வண்டி கிளம்பியது. அரசு குழந்தைகள் மருத்துவமனையில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் சீனாவில் பெரும்பாலான இடங்களில் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பெற்றோரை விடுவதில்லை. மனைவி ஒரு மருத்துவமனையில், பிள்ளை வேறொன்றில். தாய்ப்பாலைப் பையில் அடைத்து, பெயரும் பீய்ச்சிய நேரமும் எழுதி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்துவிட்டு வருவேன். பையன் தேறிவிட்டான். அது போதும்.

பணக் கதை தனி. குழந்தைப் பராமரிப்புக்கென்று வாங்கிய தொகையில் ஒரு யுவான்கூடத் திரும்பவில்லை. குழந்தையை வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் மீதிப் பணம் கிடையாது என்று சீன மொழி ஒப்பந்தத்தின் பின்பக்கம் ஒரு விதி இருக்கிறது. எங்கள் கையில் கொடுத்த ஆங்கிலப் பிரதியில் அது இல்லவே இல்லை. மருத்துவமனையின் அதிகாரபூர்வ சிவப்பு முத்திரை இருப்பது சீனப் பிரதியில் மட்டும். அதனால் கையெழுத்துக்கு முன் சீனம் தெரிந்த சக ஊழியரிடம் முழுவதையும் காட்டுங்கள். பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சை அங்கேயே உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள், ஆம்புலன்ஸ் செலவு யாருடையது என்பதை எழுதி முத்திரையோடு வாங்குங்கள். வீசாட்டில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நம்பாதீர்கள்.

சீனாவின் தேடுபொறியான பைடுவில் தேடும்போது மேலே வருவதெல்லாம் நல்ல மருத்துவமனை என்றும் எண்ணாதீர்கள். 2016இல் வெய் சேசி என்ற புற்றுநோயாளி மாணவர், பைடு தேடலில் விளம்பரமாக முன்னால் வந்த சிகிச்சையை நம்பிப் பணத்தைக் கொட்டி இறந்துபோனார். நாடே கொதித்தது. விளம்பர விதிகளை இறுக்கினார்கள், ஆனாலும் விளம்பரம் விளம்பரம்தான்.

இன்னொன்று, சாதாரண ரசீதோடு நிற்காமல் ஃபாபியாவ் (அரசு வரி முறைப்படியான அதிகாரபூர்வ பில்) கேட்டு வாங்குங்கள். அது இருந்ததால்தான் 12345 என்ற அரசுப் புகார் தொலைபேசி எண்ணில் கொடுத்த எங்கள் புகார் நகர்ந்தது. ஆம்புலன்ஸ் பணத்தைத் தருவதாக இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். மீதிக்கு விடமாட்டேன்.