சைக்கிளுக்குக் காப்புறுதி எடுத்தவர்கள் பாலிசி அட்டவணையில் உள்ள காப்புறுதித் தொகையை இன்றைக்கே பாருங்கள்

பினாங்கில் சைக்கிள் ஓட்டும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, தெரிந்தவர், கோயிலில் அடிக்கடி பார்ப்பவர் என்ற நம்பிக்கையில் ஏஜெண்ட்டிடம் பாலிசி எடுத்தவர்கள் படியுங்கள். என் சைக்கிளுக்கு ஆன சேதம் 3,440 ரிங்கிட். கம்பெனி தருவதாகச் சொன்னது 1,500.

இரண்டு வருடம் சேர்த்து வைத்த காசில் வாங்கிய கார்பன் பிரேம் ரோட் பைக். விலை 8,000 ரிங்கிட். ஏஜெண்ட் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் தண்ணீர்ப் பந்தல் வேலையை முன்னின்று செய்பவர். "தங்கச்சி, 8,000 போட்டா பிரீமியம் ஏறும். 5,000 போடுவோம். சைக்கிள் மொத்தமா போச்சுன்னாதான் 5,000 கணக்கு. சின்ன அடின்னா பில்லுல உள்ள முழுக் காசும் வந்துடும்" என்றார். நான் சந்தேகப்பட்டு வாட்சப்பில் மறுபடியும் கேட்டேன். "ஆமா தங்கச்சி, ஃபுல் கவர்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை அழிக்காமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலுத்தோங்கிலிருந்து பத்து பெரிங்கி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தஞ்சோங் தோக்கோங்கில் ரொட்டி சானாய் வாங்க ஓரமாக நிறுத்திய காரின் கதவு என் முன்னால் திறந்தது. தோள்பட்டையில் நல்ல அடி, முழங்கை கிழிந்தது. கார்க்காரர் வயதான மலாய்க்காரர், பதறிப்போய் அவரே என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அவர் மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

கிளினிக்கிலிருந்தே ஏஜெண்ட்டைக் கூப்பிட்டேன். "போலீஸ் ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாம், அலைச்சல். சைக்கிளைக் கடையில் கொடுத்து ரிப்பேர் பண்ணிட்டு பில்லை அனுப்பு, நான் பாத்துக்கிறேன்" என்றார். இரண்டுமே தவறு. கூட வந்த அக்கா விடாப்பிடியாக என்னை அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்தில் சிக்கிய வாகனமோட்டி 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். அந்தப் பெரியவரும் செய்தார். ரிப்போர்ட் இல்லாமல் போயிருந்தால் அவருடைய காப்புறுதியிடம் கேட்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது.

ரிப்பேரைத் தடுத்தவர் சைக்கிள் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி. "இப்ப கை வைக்கக் கூடாது, காப்புறுதி ஆள் வந்து பார்க்கணும்" என்று சொல்லி, கழன்ற துண்டுகளைக்கூட ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்தார். அதைச் சொல்ல வேண்டியவர் ஏஜெண்ட்.

சேதத்தை மதிப்பிடும் லாஸ் அட்ஜஸ்டர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். பிரேமில் வெளியே தெரிந்தது ஒரு முடி அளவு கீறல், அவ்வளவுதான். அவர் 20 சென் காசை எடுத்து குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக் என்று கணீரென்று வந்த சத்தம் பெடல் பக்கம் நெருங்கியதும் தொப், தொப் என்று அமுங்கியது. உள்ளே கார்பன் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்றார். அப்புறம் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் இருந்த கிரீஸை விரலால் துடைத்து, பிரேம் நம்பரை பாலிசியோடு ஒப்பிட்டார். நான்காவது எழுத்து பாலிசியில் ஆங்கில 'B', பிரேமில் 8. ஏஜெண்ட் தவறாகத் தட்டச்சு செய்திருக்கிறார். "பாலிசியில் உள்ளது இந்த சைக்கிள்தானா?" என்ற கேள்வியிலேயே மூன்று வாரம் போனது. கடை ரசீதில் சரியான நம்பர் இருந்ததால் பிழைத்தேன்.

பிறகு வந்தது அந்தக் கடிதம். டயரும் கைப்பிடி டேப்பும் தேய்மானப் பொருள், 240 கழித்தார்கள். சரி, அது நியாயம்தான். மீதி 3,200. சைக்கிளின் மதிப்பு 8,000, காப்புறுதி 5,000, அதனால் எட்டில் ஐந்து பங்குதான் தருவோம் என்று 2,000 ஆக்கினார்கள். அதிலிருந்து என் சொந்தப் பொறுப்புத் தொகை, அதாவது சேதத்தில் நானே ஏற்க வேண்டிய பங்கு, 500 போக 1,500. இதற்குப் பெயர் அண்டர் இன்சூரன்ஸ். மதிப்பைக் குறைத்துப் போட்டால், சைக்கிள் முழுதாகப் போனால் மட்டுமல்ல, சின்னச் சேதத்துக்கும் அதே விகிதத்தில்தான் வெட்டுவார்கள். பாலிசியின் பின் பக்கங்களில் இது இருந்தது. நான் படிக்கவில்லை, அது என் தவறு. ஆனால் நேருக்கு நேர் நான் கேட்டதற்கு மாற்றிச் சொன்னவர் அவர். இத்தனைக்கும் 5,000 போட்டதில் மிச்சம் பிடித்தது ஆண்டுக்கு 90 ரிங்கிட்.

ஏஜெண்ட்டுக்கு அனுப்பிய செய்திகளில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கோயிலில் பார்த்துக் கேட்டேன். "பாலிசியைப் படிக்கலையா தங்கச்சி?" என்றார், நாலு பேர் முன்னால். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடிதத்தோடு கையெழுத்துப் போட ஒரு படிவமும் வந்தது. 1,500ஐ முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன் என்று எழுதியிருந்தது. தயவுசெய்து அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். நான் போடவில்லை. கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு வாட்சப் உரையாடலை இணைத்து எழுதினேன். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி காப்புறுதி ஏஜெண்ட் கம்பெனியின் ஆளாகவே கருதப்படுவார். சைக்கிள் 8,000 என்பது அவருக்குத் தெரியும் என்றால் கம்பெனிக்கும் தெரியும். ஆனாலும் மறுத்துவிட்டார்கள். இப்போது எஃப்எம்ஓஎஸ் (FMOS) என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன். 2025 ஜனவரி 1 முதல் காப்புறுதிக் குறைகளை அவர்கள்தான் கேட்கிறார்கள். நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் கம்பெனியிடம் புகார் செய்து, அவர்களுடைய இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கார்க்காரரின் காப்புறுதியில் மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதம் வழக்கமாக அடங்கும் என்பதால், போலீஸ் விசாரணை முடிவை வாங்கி மீதித் தொகையை அங்கேயும் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பாலிசி அட்டவணையை எடுத்து, அதே சைக்கிளை இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று பார்த்து, தொகையைச் சரி செய்யச் சொல்லுங்கள். சக்கரம் மாற்றியிருந்தால் அதையும் சேர்த்து. சைக்கிளைக் கவிழ்த்து பிரேம் நம்பரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் ஞாயிறு குழுவில் நான்கு பேர் அதே ஏஜெண்ட்டிடம் எடுத்திருந்தோம். எல்லோரையும் பாலிசியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று பேருக்கு அதே 5,000. அதில் ஒரு தங்கையின் சைக்கிள் 12,000 ரிங்கிட். "அவரு நம்ம ஆளு அக்கா, அப்படியெல்லாம் விட்டுட மாட்டாரு" என்கிறாள். இன்னும் மாற்றவில்லை.