ஃபான்டனெல் ஏரிக்கரை: ஐந்து வருட டிரெய்லர் அனுபவம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் தென்மேற்கில், கிரீன் ஆற்றை மறித்துக் கட்டிய ஃபான்டனெல் நீர்த்தேக்கத்துக்கு ஐந்து வருடங்களாக டிரெய்லரோடு, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் சிறு வீட்டோடு, போய்வருகிறோம். வாடகை கிடையாது, முன்பதிவு கிடையாது. நாங்கள் நிறுத்தும் கரையில் குழாயோ மின் இணைப்போ கழிவறையோ கிடையாது. பொது நிலத்தில் வழக்கமான வரம்பு 14 நாள். நாங்கள் எட்டு நாளைத் தாண்டியதில்லை. காரணம் தண்ணீர்.

எங்கள் டிரெய்லரின் தொட்டி 150 லிட்டர். முதல் வருடம் நாலு பேருக்கு மூன்றாம் நாளே தீர்ந்துபோனது. எதிரே ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் சுத்திகரிக்காமல் வாயில் வைக்கக்கூடாது. குளியலைக் குறைத்தோம், போதவில்லை. தண்ணீரைத் தின்றது சமையல் பாத்திரம்தான். இப்போது எண்ணெயும் சாம்பாரும் ஒட்டிய பாத்திரத்தைக் காகிதத்தால் நன்றாகத் துடைத்த பிறகே கழுவுகிறோம். கூடவே நாலு 20 லிட்டர் கேன்களில் ஊரிலிருந்து பிடித்துவருகிறோம். இன்னொன்று: நல்ல தண்ணீர் தீருமுன்பே கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிடும். அளவுமானியை நம்பாதீர்கள், பாதிக்கு மேல் காட்டினாலே திரும்பும் நாளை யோசியுங்கள்.

இடம் சுமார் 6,500 அடி உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், கேஸ்தான் போனது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள். ஜெனரேட்டரும் இந்த உயரத்தில் திணறும். எழுதியிருக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக எதிர்பாருங்கள். சோலார் அப்படியில்லை. 400 வாட் பேனலும் இரண்டு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் வைத்தபின் ஜெனரேட்டரை எடுக்கவே இல்லை. ஆனால் செப்டம்பர் இரவில் உறைபனி விழும், ஹீட்டரின் விசிறி விடியவிடிய ஓடும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும் என்பதால் பேட்டரிகளைக் கட்டிலுக்கு அடியில் மாற்றிக்கொண்டேன். செய்த மாற்றங்களில் உருப்படியானது இதுதான்.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். காலையில் ஏரி கண்ணாடிபோல் இருக்கும். பகல் ஒரு மணிக்கு மேல் மேற்கிலிருந்து கிளம்பினால் சூரியன் சாயும்வரை ஓயாது. சேஜ் புதரைத் தவிர மறைப்பு எதுவும் இல்லை. இரண்டாம் வருடம் வெயில்மறைப்புத் துணியை விரித்துவைத்துவிட்டுக் கரையோரம் நடக்கப் போனோம். திரும்பி வந்தபோது அதன் கம்பிகள் கூரைமேல் வளைந்து கிடந்தன. அன்றிலிருந்து டிரெய்லரின் முகப்பு மேற்கே பார்க்க நிறுத்துகிறோம், துணியைப் பகலில் விரிப்பதில்லை.

மண்ணும் ஏமாற்றும். காய்ந்திருக்கையில் கல்போல் இருக்கும்; ஒரு மழை பெய்தால் பசையாகிவிடும். அப்படி ஒருமுறை ஒன்றரை நாள் அசையாமல் கிடந்தோம். காய விட்டதுதான் சரி, இழுத்திருந்தால் பாதையும் கெட்டிருக்கும். வசந்தத்தில் ஏரி வற்றியிருக்கும்போது விளிம்பை ஒட்டி நிறுத்தாதீர்கள். பனி உருகி வரும்போது நீர்மட்டம் மளமளவென்று ஏறும்.

இத்தனைக்கும் ஏன் போகிறோம்? விடியலில் மான்போன்ற பிராங்ஹார்ன் விலங்குக் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்கும். அணைக்குக் கீழே சீட்ஸ்கடீ வனவுயிர்ச் சரணாலயத்தில் எக்காள அன்னங்களைப் பார்க்கலாம். லா பார்ஜ் பக்கத்துப் பாறையில், மேற்கே போன குடியேறிகள் கிரீன் ஆற்றைக் கடந்த வழியில் செதுக்கிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. இந்த அணைக்கும் ஒரு கதை உண்டு: 1965 செப்டம்பரில் கரை அரித்துக் கசிந்து, உடையும் நிலைக்கே போனது. தேக்கத்தை அவசரமாக வடித்துத்தான் காப்பாற்றினார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மண்கரைமேல் நிற்பதே வேறு மாதிரி இருக்கிறது.

மனதை வருத்துவது குப்பை. உடைந்த பாட்டில், புதருக்குள் காகிதம், தரையில் திறந்துவிட்ட கழிவுநீர். இப்படிக் கெட்ட இடங்களைத்தான் மூடுகிறார்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் பிறர் குப்பையில் ஒரு பையாவது ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

டிரெய்லர் புதிதாக வாங்கியவர்கள் இங்கே தொடங்கவேண்டாம். முதலில் குழாய், மின் இணைப்பு வசதியுள்ள முகாமில் இரண்டு முறை தங்கிப் பழகுங்கள். ஜூன், ஜூலையில் கொசு அதிகம். நாங்கள் இந்த முறையும் செப்டம்பரில்தான் கிளம்புகிறோம், கூடுதலாக இரண்டு கேன்களோடு.