கறுப்புத் தாளில் விழும் வெள்ளைக் கோடு: திருவான்மியூர் புக் பில்டிங்கின் அச்சுப் படங்கள்

இன்றைய ஓவியர்கள் பலர் தங்கள் படங்களைச் சுவரொட்டியாகவும் கோப்பையாகவும் துணிப்பையாகவும் விற்கிறார்கள். படத்தை ஒருமுறை இணையத்தில் ஏற்றிவிட்டால், ஆர்டர் வரும்போதெல்லாம் அச்சிட்டு அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு தளத்தில் எனக்குப் பிடித்த ஓவியரின் படம் ஒன்றை வாங்கியபோது, ஆழ்ந்த கறுப்பாக இருக்க வேண்டிய பின்னணி சாம்பல் பூத்து வந்தது. நுணுக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஓவியத்தை அச்சுக்கு மாற்றுவது தனித் தேர்ச்சி வேண்டும் வேலை என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தேர்ச்சியைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்கக்கூடிய இடம் சென்னையிலேயே இருக்கிறது. திருவான்மியூர் குப்பம் கடற்கரைச் சாலையில் தாரா புக்ஸ் பதிப்பகம் நடத்தும் 'புக் பில்டிங்' என்ற கட்டடத்தின் விற்பனைக்கூடத்தைத்தான் சொல்கிறேன்.

1994-இல் கீதா உல்ஃப் தொடங்கிய இந்தப் பதிப்பகம் படநூல்களுக்குப் பெயர் பெற்றது. பதிப்பகத்தின் அலுவலகம், கண்காட்சிக்கூடம், கடை மூன்றும் இந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. கடையில் நூல்களோடு, அவற்றில் இடம்பெற்ற ஓவியங்களின் தனி அச்சுப் படங்கள், வாழ்த்து அட்டைகள், குறிப்பேடுகள் ஆகியவை கிடைக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் கோண்ட் பழங்குடி ஓவியர்கள், பீகாரின் மிதிலை ஓவியர்கள் எனப் பல மரபுகளைச் சேர்ந்த இன்றைய கலைஞர்களின் படைப்புகள் ஒரே இடத்தில் கிடைப்பது சென்னையில் அரிது.

இங்குள்ள சிறந்த படங்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கையால் அச்சிடப்படுபவை. நமக்கு அந்நியமான தொழில் இல்லை இது. கல்யாணப் பத்திரிகைகளும் மஞ்சப்பைகளும் நம் ஊர்களில் நெடுங்காலமாக இப்படித்தான் அச்சாகின்றன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் படம் வர வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவைத்து, மற்ற இடங்களை அடைத்து, மேலே மையை ஊற்றி ரப்பர்ப் பட்டையால் இழுத்தால் கீழே உள்ள தாளில் படம் விழும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்த நிறத்தை இழுக்க முடியும். தாள் இம்மியளவு விலகினாலும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போய்விடும். இந்த நூல்களும் படங்களும் ஆறுமுகம் தலைமையில் இயங்கும் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்ற பட்டறையில் உருவாகின்றன. ஒரே நூலுக்காக இந்தப் பட்டறை மாதக்கணக்கில் உழைப்பது வழக்கம்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது என்பதற்கு, கோண்ட் ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்களின் படங்களே விடை. அவை கறுப்புத் தாளில் அச்சிடப்பட்டவை. வழக்கமான அச்சகங்களின் இயந்திர அச்சுமுறையான ஆப்செட்டில் பயன்படும் மை ஒளி ஊடுருவும் தன்மையுடையது என்பதால் வெளிர் நிறங்களைக் கறுப்புத் தாளில் அச்சிட்டால் அவை மங்கி மறைந்துவிடும். ஆகவே வழக்கமான அச்சகத்தில் வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, கோடுகள் வரும் இடத்தை விட்டுவிட்டு, மீதிப் பரப்பு முழுவதையும் கறுப்பாக்குவார்கள். அந்தக் கறுப்பு மேலே பூசிய கறுப்பு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் விழும் மையோ கனமானது, அடித்தளத்தை மூடி நிற்பது. அதனால் கறுப்பிலேயே ஊறிய தாளின்மேல் வெள்ளைக் கோட்டை நேரடியாக இழுக்க முடிகிறது. விரலால் தடவினால் கோடு மெல்லிய மேடாகத் தட்டுப்படும். இரவில் மரங்கள் தங்கள் மெய்யுருவைக் காட்டுகின்றன என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அச்சுமுறையை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

கோண்ட் ஓவியத்தில் உருவத்தின் உட்பரப்பை நிரப்பும் புள்ளிகள், சிறு கோடுகள், வளைவுகள் ஆகியவையே ஓவியரின் கையெழுத்து. வீட்டுச் சுவர்களில் இருந்த இந்தக் கலையை 1980-களில் தாளுக்கும் கான்வாஸ் துணிக்கும் கொண்டுவந்தவர் ஜன்கர் சிங் ஷியாம். அவருடைய உறவினரான பஜ்ஜு ஷியாம் 2018-இலும், துர்கா பாய் 2022-இலும் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஒவ்வொருவருக்கும் தனி நிரப்புமுறை உண்டு. அது அச்சில் கலங்கினால் யாருடைய படம் என்பதே தெரியாமல் போய்விடும். நான் வாங்கிய படத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மிக நெருக்கமான கோடுகளுக்கு இடையிலும் தாளின் கறுப்பு தெளிவாகத் தெரிகிறது.

கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாகித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களை நிறைத்த வரலாறு நமக்கு உண்டு. ஓவியத்தை அச்சாக்கி எளியோர் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது நமக்குப் புதிதில்லை என்றாலும், நாட்காட்டியில் கடையின் பெயர் பெரிதாகவும் ஓவியரின் பெயர் ஓரத்தில் சிறிதாகவும்தான் இருக்கும். தாரா நூல்களில் கோண்ட் கலைஞர்களின் பெயர் நூலாசிரியர் என்றே அட்டையில் அச்சாகிறது. வாங்குபவன் என்ற முறையில் எனக்கு இது முக்கியம்.

கடையில் என்னைப் பெரிதும் கவர்ந்தவை 'ஃப்ளூக்புக்' என்னும் குறிப்பேடுகள். திரையைப் பொருத்திச் சரிபார்க்கும்போது, நல்ல தாளை வீணாக்காமல் முன்பே அச்சான தாள்களை மறுபடியும் மறுபடியும் கீழே வைத்து மையை இழுத்துப் பார்ப்பார்கள். அதனால் ஒரு நூலின் மீன்மேல் வேறொரு நூலின் மரம் விழும். சிவப்பின்மேல் நீலம் தற்செயலாகப் படிந்து யாரும் திட்டமிடாத நிறம் தோன்றும். அந்தத் தாள்களை எறிந்துவிடாமல் குறிப்பேடுகளாக்குகிறார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. ஓவியத்தைப் பொருளாக்குவது என்ற பெயரில் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலானவை ஒரே படத்தைக் கோப்பையிலும் தலையணையிலும் ஒட்டுபவைதான். இந்தக் குறிப்பேடோ அச்சுவேலையின் உள்ளிருந்தே பிறந்த பொருள். விலையிலும் இதுவே எளிது.

வாழ்த்து அட்டைகளைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. தாள் தரமானதுதான், ஆனால் கோண்ட் ஓவியத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் நிரப்புக் கோடுகள் கண்ணுக்கு எட்டாத அளவு சிறுத்து, உருவத்தின் புற வடிவம் மட்டுமே மிஞ்சுகிறது. கையால் அச்சிட்ட படங்களின் விலை சாதாரண ஆப்செட் சுவரொட்டியின் விலையைவிடப் பல மடங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். உழைப்பைப் பார்த்தால் அது நியாயமான விலைதான். இருந்தாலும் மாணவர்கள் தயங்குவார்கள். அவர்கள் ஒரே படத்துக்குச் செலவிடும் பணத்தைக் கொஞ்சம் கூட்டி, கையால் அச்சிட்ட நூல் ஒன்றையே வாங்கிவிடலாம். பக்கத்துக்குப் பக்கம் அதே அச்சுத் தரம் அதில் இருக்கிறது.

வாங்கிய படத்தை வீட்டில் வைப்பதிலும் கவனம் தேவை. கையால் செய்த தாள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அது நெளியும். சட்டம் போடும் கடையில் கேட்காவிட்டால் படத்தை அட்டையில் பசைபோட்டு முழுவதுமாக ஒட்டிக் கண்ணாடியை அதன்மேல் அழுத்திவிடுவார்கள். படத்தைச் சுற்றி ஓரமாக வரும் அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு, மேல் விளிம்பில் மட்டும் பிடிமானம் கொடுக்கச் சொல்ல வேண்டும். வெயில் நேரே படும் சுவரையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்ப்பது நல்லது. குறிப்பேடு வாங்க நினைப்பவர்கள், முடிந்தால் இணையத்தில் ஆர்டர் செய்யாமல் நேரிலேயே போய், அடுக்கிலிருக்கும் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துத் தங்களுக்கு உரியதைத் தேர்ந்தெடுப்பதே சரி.