எடைச் சீட்டின் அட்ரிபியூட்: ஆப்ஜெக்ட்டா, வெறும் ஸ்ட்ரிங்கா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலைக்கு எடைக் கணக்கு நிரல் எழுதித் தருகிறேன். லாரி தராசை விட்டு இறங்கினால் இப்படி ஒரு எக்ஸ்எம்எல் (தகவலைக் குறிச்சொற்களில் எழுதும் வடிவம்) சீட்டு வரும்:

<சீட்டு லாரி="7" எடை="12450" அலகு="கிலோ"/>

இதில் "சீட்டு" என்பது எலிமென்ட், அதற்குள் எடை="12450" போல வரும் பெயர்-மதிப்பு ஜோடி ஒவ்வொன்றும் ஒரு அட்ரிபியூட். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். 1998-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே எக்ஸ்எம்எல் அதற்கு இடம் கொடுக்கிறது.

அந்த "எடை"யை நிரலுக்குள் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. ஜாவாவின் டாமில் (எக்ஸ்எம்எல்லை நினைவில் மரம்போல வைத்துப் படிக்கும் முறை) இரண்டு வழி உண்டு. கெட்அட்ரிபியூட் என்று கேட்டால் ஸ்ட்ரிங், அதாவது மதிப்பு மட்டும் வெறும் எழுத்தாக வரும், கெட்அட்ரிபியூட்நோட் என்று கேட்டால் ஆப்ஜெக்ட், அதாவது மதிப்போடு மற்ற விவரங்களையும் தாங்கிய பொருள் வரும். நான் முதல் வழியில்தான் போனேன், ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அட்ரிபியூட்டே இல்லாவிட்டாலும் அது வெற்று ஸ்ட்ரிங்கைத்தான் தரும். தராசு தடுமாறிய ஒரு மாலையில் "எடை" இல்லாமலே ஒரு சீட்டு வந்தது. வெற்றாக இருந்தால் பூச்சியம் என்று நான் எழுதி வைத்திருந்ததால், ஒரு லாரி குலை பூச்சியம் கிலோ என்று பதிவானது. குலை வெட்டியவர்களுக்கு டன் கணக்கில்தான் கூலி. சம்பள நாளுக்கு முன்பே கணக்கெழுதும் கிராணி கண்டுபிடித்தார், இல்லையென்றால் அவர்கள் வயிற்றில் அடித்திருப்பேன்.

ஆப்ஜெக்ட்டைக் கேட்டிருந்தால் 'நல்' (எதுவுமே இல்லை என்ற குறி) வந்திருக்கும், "இல்லை" வேறு "வெற்று" வேறு என்று தெரிந்திருக்கும். ஹேஸ்அட்ரிபியூட் என்று, அட்ரிபியூட் இருக்கிறதா என முதலில் கேட்டாலும் இது தெரியும். ஆனால் ஆப்ஜெக்ட்டிடம் இன்னொரு செய்தியும் இருக்கிறது. டிடிடியில் (எக்ஸ்எம்எல்லில் என்னென்ன வரலாம் என்று சொல்லும் விதிப் பட்டியல்) அலகுக்கு "கிலோ" என்று முன்மதிப்பு வைத்திருந்தால், சீட்டில் அலகே எழுதாதபோதும் "கிலோ" என்றுதான் கிடைக்கும். அது சீட்டிலேயே எழுதியிருந்ததா, டிடிடி இட்டு நிரப்பியதா என்பதை ஆப்ஜெக்ட்டின் கெட்ஸ்பெசிஃபைட் சொல்லிவிடும். தோட்டத்திலிருந்து 12.45 என்று டன்னில் அனுப்பி, அலகு எழுத மறந்த சீட்டுகளை இதை வைத்துத்தான் பிடித்தேன். பிரௌசரில் இந்த வித்தை பலிக்காது, இன்றைய டாம் நெறியில் அது எப்போதும் 'ஆம்' என்றே சொல்லும்.

ஆப்ஜெக்ட்டுக்கு எரிச்சலும் உண்டு. ஒரே கோப்பில் ஒரு சீட்டிலிருந்து எடுத்த அட்ரிபியூட்டை அப்படியே இன்னொரு சீட்டில் ஒட்ட முடியாது, "ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று பிழை வரும். நகலெடுத்துத்தான் ஒட்டவேண்டும். இது நல்ல கண்டிப்பு என்றே நினைக்கிறேன்.

சாக்ஸைப் பற்றி (கோப்பைப் படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் நம் நிரலை அழைக்கும் முறை) ஒன்று மட்டும் சொல்கிறேன்: அது கையில் கொடுக்கும் அட்ரிபியூட் தொகுப்பு அந்த அழைப்பு முடியும்வரைதான் செல்லும். வேண்டியதை அங்கேயே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பைதானின் எலிமென்ட்ட்ரீ நூலகம் வேறு ரகம். அங்கே அட்ரிபியூட்டுக்குத் தனி ஆப்ஜெக்ட் கிடையாது, எலிமென்ட்டோடு ஒரு டிக்‌ஷனரி (பெயரைச் சொன்னால் மதிப்பைத் தரும் பட்டியல்) இருக்கும், அவ்வளவுதான். இல்லாததைக் கெட் என்று கேட்டால் 'நன்' (பைதானின் 'நல்') வரும், அதனால் என் பழைய தவறு அங்கே அவ்வளவு எளிதில் நடக்காது. தினமும் சீட்டுகளைப் படித்துக் கூட்டுவதற்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமலிருக்கச் சேர்க்கும் முகவரி) வந்தால் முழு முகவரியையும் வளைவு அடைப்பில் போட்டு சாவியாக எழுதவேண்டும், கண் வலிக்கும்.

சி ஷார்ப்பின் எக்ஸ்அட்ரிபியூட்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது ஆப்ஜெக்ட்தான், ஆனாலும் 'நல்' ஏற்கும் எண்ணாக ஒரே வரியில் மாற்றலாம். அட்ரிபியூட் இல்லையென்றால் 'நல்' வரும், இருந்தும் எண்ணாக இல்லையென்றால் பிழை வரும்.

ஆலையில் இன்னமும் ஜாவாதான், ஆனால் எடையையும் அலகையும் மட்டும் ஆப்ஜெக்ட்டாக எடுக்கிறேன். எடை இல்லாத சீட்டு வந்தால் நிரல் நின்று லாரி எண்ணைக் காட்டும். கிராணி உடனே தராசுக்குப் போன் போடுவார்.